பழைய ஜெர்மானிய ரைஃபிள்: செப்பனிடுவதற்கு முன் அளவெடுங்கள்

பழம்பொருள்தானே என்ற எண்ணத்தில் வெளிநாட்டு ஏலத்தில் ரைஃபிளை எடுத்துவிட்டு, சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் வழியைப் பிறகு தேடுவது பெரும் தவறு. இறக்குமதிக்கும் உடைமைக்கும் என்னென்ன அனுமதி தேவை என்பதைக் காவல்துறையிடம் எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுங்கள்.

ஜெர்மனியின் சூல் நகரிலுள்ள ஹேனல் நிறுவனம் தயாரித்த ஐட் வகை போன்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களில் பெரும்பாலானவை 8.15×46ஆர் தோட்டாவுக்கு உரியவை. பெயர் ஒன்றானாலும் குழல்களின் உள்விட்டம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுவதால், கடையில் கிடைக்கும் குண்டு பொருந்துமென நம்பிவிடக் கூடாது. எண்ணெய் தடவிய குழலுக்குள் மிருதுவான தூய ஈயத் துண்டொன்றை முழு நீளமும் மெல்லத் தள்ளி எடுத்து, அதில் பதிந்த வரிகளை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். தோட்டா அறையின் அளவுக்குச் செரோசேஃப் என்ற, குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையை வார்த்து எடுக்கலாம். அது முதலில் சுருங்கிப் பிறகு விரிவதால், வார்த்து ஒரு மணி நேரம் கழித்து அளப்பதே சரி.

பளபளப்பாக்கும் ஆசையைத் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். உப்புத்தாள் தேய்த்தால் பழைய நிறமும் முத்திரைகளும் சேர்ந்தே அழியும், அவற்றோடு மதிப்பும் போய்விடும். துருவுக்கு எண்ணெயும் மெல்லிய வெண்கலக் கம்பிப் பஞ்சுமே போதும். திருகின் காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். காடி சிதைந்த திருகு, முன்பு கைவைத்தவரின் அவசரத்தை ஊருக்கே சொல்லிவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும் என்றாலும், அலமாரியை அளவுக்கு மீறி உலர்த்தினால் துப்பாக்கியின் வால்நட் மரக் கட்டை வெடித்துவிடும். ஆகவே ஒப்பு ஈரப்பதத்தை ஏறத்தாழ 50 விழுக்காட்டில் வைத்திருங்கள். கேமராவுக்கு வாங்கிய டிரை கேபினட்டுக்குள் (ஈரம் நீக்கும் அலமாரி) ரைஃபிள் நுழையாது.

இந்தப் பழைய துப்பாக்கிகள் குறைந்த அழுத்தத்துக்கே செய்யப்பட்டவை. எனவே தேர்ந்த துப்பாக்கிக் கைவினைஞர் குழலையும் பூட்டையும் (குழலின் பின்பக்கத்தை மூடும் பொறி) சோதித்து ஒப்புதல் தராமல் சுடவே கூடாது. அதன் பின்னும், அனுமதி பெற்ற களத்தில், அளவுக்கேற்ப வார்த்த ஈயக் குண்டையே பயன்படுத்துங்கள். செம்பு உறையிட்டவை வேண்டாம்.

இரட்டை விசை கொண்ட ரைஃபிளில் ஒரு விசை மற்றொன்றைத் தயார்நிலையில் வைக்கிறது. அதன் பிறகு இறகு பட்டாலும் வெடிக்கும் அளவுக்கு அது நுணுக்கமாக அமைந்திருக்கலாம். குழல் இலக்கை நோக்கி நிலைத்த பின்னரே விசையைத் தயார்நிலைக்குக் கொண்டுவருங்கள். சுடாமல் நிறுத்த நேர்ந்தால், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடியே பூட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்த பிறகுதான் விசையை விடுவிக்க வேண்டும்.