வீட்டுக்குள் அடியும் மிரட்டலும்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

"உன்ரை ஸ்பொன்சரை வாபஸ் எடுத்துப்போடுவன், பிறகு நீ ஊருக்குத்தான் போவாய்." ஸ்காபுறோ, மார்க்கம், பிரம்டன் பக்கம் அடிவாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கும் பெண்கள் பலரை, அடியைவிட இந்த ஒரு வசனம்தான் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. ஆகவே உதவி எங்கே கிடைக்கும் என்பதற்கு முதல், இந்தப் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

உங்களுக்கு பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்துவிட்டதா? உண்மையான கல்யாணத்தில் வந்தவர் என்றால், கணவர் நினைத்தபடி அதைப் பறிக்க முடியாது. பிரிந்தாலும் விவாகரத்து எடுத்தாலும் நீங்கள் நிரந்தர வதிவாளர்தான். "இரண்டு வருசம் சேர்ந்து இருந்தே ஆக வேணும்" என்று சொந்தக்காரர் சிலர் இன்னும் சொல்வார்கள். 2012இல் அப்படி ஒரு நிபந்தனை வந்தது உண்மை. 2017 ஏப்ரலில் அரசாங்கம் அதை எடுத்துவிட்டது. பி.ஆர். அட்டையை அவர் ஒளித்து வைத்தாலும் உங்கள் உரிமை போகாது, வேறு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்பொன்சர் செய்தவர் உங்களைப் பார்த்துக்கொள்வதாக 3 வருடத்துக்குக் கையெழுத்து வைத்திருக்கிறார். பிரிவதால் அந்தப் பொறுப்பு அவரை விட்டுப் போகாது.

பி.ஆர். இன்னும் வரவில்லை, விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் நிலைமை வேறு. அவர் ஸ்பொன்சரை மீளப் பெறலாம். ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கென்றே 2019 ஜூலையிலிருந்து ஒரு தற்காலிக வதிவிட அனுமதி இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. அதோடு வேலை அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம், மருத்துவச் செலவுக்கும் உளவள ஆலோசனைக்கும் வழி உண்டு. மனிதாபிமான அடிப்படையில் பி.ஆர். கேட்கும் வழியும் தனியாக இருக்கிறது. கணவரோடு சேர்த்து அகதிக் கோரிக்கை போட்டவர்கள், தங்கள் கோரிக்கையைத் தனியாகப் பிரித்துத் தரும்படி கேட்கலாம். இவை எதையும் கணவரின் கூட்டாளியான ஏஜென்ட் மூலம் செய்யாதீர்கள். சட்ட உதவி தரும் லீகல் எய்ட் ஒன்ராறியோவை 1-800-668-8258 இல் கூப்பிட்டு, வீட்டில் வன்முறை என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சட்டத்தரணியோடு இரண்டு மணிநேரம் இலவசமாகப் பேச ஒழுங்கு செய்வார்கள்.

அடித்தால்தான் வன்முறை என்றில்லை. சம்பளத்தை வாங்கி வைப்பது, பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பது, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்குப் போன் எடுக்க விடாதது, எங்கே போனாலும் பின்தொடர்வது, படுக்கையில் கட்டாயப்படுத்துவது எல்லாமே வன்முறைதான். 2021 மார்ச்சில் திருத்தப்பட்ட கனடா விவாகரத்துச் சட்டம், பணத்தால் ஒடுக்குவதையும் பிள்ளைகள் வன்முறையைப் பார்க்க நேர்வதையும் குடும்ப வன்முறைக்குள் சேர்த்திருக்கிறது. மாமியாரோ மைத்துனரோ செய்தாலும் உதவி கேட்கலாம்.

சரி, யாரைக் கூப்பிடுவது? இந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் 911. அப்படி இல்லை, பேசிப் பார்க்க வேண்டும் என்றால் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான தொலைபேசி உதவி, அசோல்டட் விமின்ஸ் ஹெல்ப்லைன்: 416-863-0511, ரொறன்ரோவுக்கு வெளியே 1-866-863-0511. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை. எடுத்தவுடன் "தமிழ், பிளீஸ்" என்று மட்டும் சொன்னால் போதும். மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வரை லைனை வைத்துவிடாமல் காத்திருங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. "மொழிபெயர்ப்பவர் எங்கடை ஊர்ச் சனமாய் இருந்தால் கதை வெளியே போய்விடுமே" என்று பயப்படுபவர்கள் நிறையப் பேர். அந்தப் பயம் நியாயமானது. மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர். ஆனாலும் குரல் தெரிந்ததாக இருந்தால் வேறு ஒருவரைக் கேளுங்கள், பெண் வேண்டும் என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளையையோ மச்சாளையோ மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

இந்த இலக்கத்துக்குப் பேசினால் உடனே வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பல தரம் பேசிவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம், முடிவெடுக்காமலும் இருக்கலாம்.

பொலிஸ் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். "சும்மா வெருட்டத்தான் கூப்பிட்டனான்" என்பது இங்கே எடுபடாது. துணையைத் தாக்கியதற்கு நியாயமான ஆதாரம் இருந்தால், நீங்கள் வேண்டாம் என்றாலும் ஒன்ராறியோவில் பொலிசார் குற்றம் சுமத்த வேண்டும். சுமத்திய பிறகு அதை வாபஸ் வாங்கும் அதிகாரமும் உங்களிடம் இல்லை, அது அரச வழக்கறிஞரின் கையில். பெரும்பாலும் குற்றம் சுமத்தப்பட்டவர் உங்களோடு தொடர்புகொள்ளவோ வீட்டுக்கு வரவோ கூடாது என்ற நிபந்தனையோடுதான் வெளியே விடப்படுவார். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆபத்து என்றால் தயங்காமல் 911 அடியுங்கள், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது தெரிந்து அடியுங்கள். குற்றம் சுமத்தினால் நீதிமன்றத்தில் உங்களுக்குத் துணை நிற்க, பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்குமான உதவிப் பிரிவு ஒன்று இருக்கிறது.

வெளியேறினால் தங்குவது செல்டரில், அதாவது வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கான பாதுகாப்பு இல்லத்தில். ரொறன்ரோவில் இன்டர்வல் ஹவுஸ் 1973இல் தொடங்கியது. யோர்க் பகுதியில் யெலோ பிரிக் ஹவுஸ் இருக்கிறது. இவற்றுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம், விலாசத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். நீங்களும் சொல்லக்கூடாது, ஊரில் அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடமும். ஒரு செல்டரில் இடமில்லை என்றால் ஹெல்ப்லைனில் இருப்பவரையே வேறு இடம் தேடித் தரச் சொல்லுங்கள். குசினியும் குளியலறையும் பெரும்பாலும் பொதுவாக இருக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் கிழமை கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே வேலை செய்பவர்கள்தான் அடுத்த வீடு, பள்ளிக்கூடம், நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதித் தருபவர்கள்.

நேரம் இருந்தால் முன்கூட்டியே சிலதைச் சேர்த்து வையுங்கள்: பாஸ்போர்ட், பி.ஆர். அட்டை அல்லது விசா, பிறப்பு மற்றும் விவாகப் பதிவுச் சான்றிதழ்கள், சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம், சுகாதார அட்டை, பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு, மருந்து, உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கின் விபரம். எடுக்க முடியாதவற்றைப் படம் பிடித்து, அவருக்குத் தெரியாத புது மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். சீதன நகை கூட்டு லொக்கரில் இருந்தால் அதையும் படம் எடுத்து வைக்கலாம். ஆனால் நகைக்காக வெளிக்கிடுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கணவர்தான் போன் வாங்கி, கணக்கும் திறந்து கொடுத்திருப்பார். அப்படியானால் நீங்கள் நிற்கும் இடம், பேசிய இலக்கங்கள் எல்லாம் அவருக்குத் தெரிய வாய்ப்புண்டு. ஹெல்ப்லைனுக்கு வேலைத்தலத்திலோ, நூலகத்திலோ, குடும்ப வைத்தியரின் அறையிலோ வேறு போனில் பேசுங்கள். வீடியோ அழைப்பில் வாய் திறக்க முடியாத நேரத்துக்கு 2020இல் கனடியன் விமின்ஸ் பவுண்டேசன் ஒரு சைகை அறிமுகப்படுத்தியது. உள்ளங்கையைக் கமராவுக்குக் காட்டி, பெருவிரலை மடித்து, மற்ற நாலு விரலாலும் அதை மூடுவது. தோழிக்கு இன்றே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டு விஷயத்தில் பலருக்குத் தெரியாதது இது. சட்டப்படி கல்யாணம் செய்தவர் என்றால், குடும்பம் வாழ்ந்த சொந்த வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்தாலும் அங்கே இருக்க உங்களுக்கும் சம உரிமை உண்டு. அவரை வெளியேற்றி நீங்கள் மட்டும் இருக்க நீதிமன்றக் கட்டளையும் கேட்கலாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்கு என்15 (N15) என்ற படிவம் கொடுத்து 28 நாளில் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம், வீட்டுக்காரர் அதை இரகசியமாக வைத்திருக்க வேண்டும். அரச மானிய வீட்டுக்கு வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்குத் தனி முன்னுரிமை உண்டு. பிரிந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கப் பாருங்கள்.

வேலை செய்பவர்கள், ஒரே இடத்தில் 13 கிழமை தாண்டியிருந்தால், வன்முறை காரணமாக வருடத்துக்கு 10 நாளும் அதற்கு மேல் 15 கிழமையும் விடுப்பு எடுக்கலாம். முதல் 5 நாளுக்குச் சம்பளம் உண்டு. விடுப்பு எடுத்ததற்காக வேலையால் நிற்பாட்ட முடியாது.

பேரப்பிள்ளை பார்க்க வந்த அம்மா அப்பாவை மகனோ மருமகளோ வதைப்பதும் நம்மிடையே நடக்கிறது, அதை யாரும் வாயால் சொல்வதில்லை. ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இங்கே 20 வருடம். முதியவர்களுக்கான பாதுகாப்பு லைன் 1-866-299-1011. ஆண்களும், எங்கே கேட்பது என்று தெரியாத எவரும், 211 அடித்துக் கேட்கலாம்.