நாடகம் போடுகிறீர்களா? வடிவமைப்பாளர்களை முதல் நாளே கூப்பிடுங்கள்

பல குழுக்கள் ஒத்திகை முடியப்போகிற நேரத்தில்தான் அரங்கம், ஒளி, உடை, ஒலி செய்பவர்களைத் தேடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பிரதியை முதன்முறை வாசிக்கும்போதே நால்வரும் இயக்குநரோடு உட்கார வேண்டும். அரங்க வடிவமைப்பாளர் தரைப்படமும் சின்ன மாதிரியும் முதலில் தரட்டும். கதவு எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் நடிகர் எங்கே நுழைவார் என்பது முடிவாகும், மேடையின் நிஜ அளவிலேயே ஒத்திகைத் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

உடையும் ஒளியும்தான் அதிகம் மோதும். சிவப்புப் புடவை மேல் அடர்நீல ஒளி விழுந்தால் புடவை கறுப்பாகத் தெரியும், அதனால் மொத்தமாகத் துணி எடுப்பதற்கு முன்பே ஒரு துண்டை வாங்கி, ஜெல் தாள் (ஒளிக்கு நிறம் தரும் கண்ணாடித் தாள்) போட்ட விளக்கின் கீழ் பிடித்துப் பாருங்கள். முகத்துக்கு, அமெரிக்க மேடை ஒளி வல்லுநர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1930களில் வகுத்த முறை இன்றும் அருமையான தொடக்கம்: முன்னால் இரு பக்கமும் 45 டிகிரியில் ஒவ்வொரு விளக்கு, ஒன்றில் மஞ்சள் சாயல், மற்றதில் நீலச் சாயல்.

அப்புறம், தொழில்நுட்ப ஒத்திகைக்கு, அதாவது ஒளியையும் ஒலியையும் நடிப்போடு சேர்த்துப் பார்ப்பதற்கு, ஒரு முழு நாள் கட்டாயம் ஒதுக்குங்கள். எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, எங்கே ஒலி வருகிறது என்று மேடை மேலாளர் தன் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும்.