தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயம்: போகுமுன் தெரிந்துகொள்ள

பழைய குறிப்புகளில் தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டம் என்றிருக்கும். 2020 இறுதியிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம். ரயிலில் வந்தால் மயிலாடுதுறை சந்திப்பில் இறங்குங்கள். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நேர்ப் பேருந்து இல்லையென்றால் பொறையார் வரை வந்து ஆட்டோ பிடிக்கலாம். தரங்கம்பாடிக்கே ஓடிய ரயில் 1980களிலேயே நின்றுவிட்டது.

ஊர்வாசலைத் தாண்டியதும் ராஜ வீதி. பலரும் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் ஒரே தெருவில் இரண்டு பழைய ஆலயங்கள். 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயம் அன்று ஊரை ஆண்ட டேனிஷ்காரர்கள் (டென்மார்க்காரர்கள்) தங்களுக்கெனக் கட்டியது. ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழ்ச் சபைக்காகக் கட்டியது புதிய எருசலேம். முகப்பில் கிரீடத்தோடு டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரையும் 1718 என்ற ஆண்டும் தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். ‘புதிய’ என்ற சொல்லுக்குக் காரணம் உண்டு: 1707இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுபோனது. 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையும் அதே கடல்தான் தின்றிருக்கிறது. கரைக்கு நடந்தால் கண்ணால் பார்க்கலாம்.

உள்ளே சிலுவை வடிவக் கட்டடம். 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கு 1719இல் 36 வயதில் இறந்தார். கல்லறை பீடத்தருகே இருக்கிறது.

வார நாட்களில் கதவு பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஞாயிறு காலை ஆராதனைக்கே போய்விடுவது நல்லது. ஆராதனை நடக்கும்போது கேமராவை எடுக்காதீர்கள். முடிந்தபின் போதகர் ஐயாவிடம் கேட்டுப் படம் எடுக்கலாம். டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அந்த நாளைத் தவிருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரி, பிப்ரவரி இதம்.

பாட்டன் பூட்டனின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி வருவோர் கவனிக்க: புதிய எருசலேம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது, சீயோன் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. ஒருவரிடம் கேட்டால் மற்றவருடைய ஏடு கிடைக்காது. ஞானஸ்நானப் பெயர், ஊர், உத்தேச ஆண்டு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயரை மட்டும் கொண்டுவந்தால் தேட வழியே இருக்காது.

திரும்பும் வழியில் பொறையாரில் கடுதாசிப்பட்டறை எங்கே என்று விசாரியுங்கள். மிஷனரிகளின் அச்சகத்துக்குக் காகிதம் செய்த பட்டறை இருந்த இடம் அது. பட்டறை போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.