ஒரே குளம், மாதம் ஒரு தடவை

நம்ம திருநெல்வேலிச் சீமையில் பருவம் மாறுவதைப் பார்க்க மலையேற வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை, அதே மடைப் பக்கம் நின்று போனில் ஒரு படம். அவ்வளவுதான்.

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கே வெறும் காற்றுதான். ஆனால் மேற்கே மலைமேல் மேகம் கவிழ்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி, கார்த்திகையில், குளம் பெருகும். அந்த மழைப் பருவத்துப் பயிரான பிசான நெல் நட்ட வயலின் பச்சையை எந்தக் கேமராவும் சரியாகப் பிடித்ததில்லை!

தை, மாசியில் ஒருநாள் நம்ம மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் போய்விடுங்கள். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே இறங்கும். ஊருக்குள் மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டும்; அதனால் சத்தம் கூடாது, பளிச்சென்ற சட்டையும் வேண்டாம். விடிந்ததும், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று பாருங்கள். பைனாகுலர் கட்டாயம்.

சித்திரையில் குளம் வறண்டு வெடித்திருக்கும். அந்தப் படத்தையும் விட்டுவிடாதீர்கள். திரும்பும் வழியில் நுங்கு கிடைக்கும்.