கற்பூரத்திலிருந்து கார்பன் மென்படலம்: உலையைவிட ஆவியைக் கவனியுங்கள்

கற்பூர மூலக்கூறு ஒன்றில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்சிஜன். உருகாமலே ஆவியாகிவிடும் என்பதால் வேதி ஆவிப் படிவுக்கு (ஆவியைச் சூட்டில் சிதைத்து ஒரு பரப்பில் படலமாகப் படியவைக்கும் முறை) வசதியான மூலப்பொருள். தொல்லையும் அதனால்தான்: உலை சூடேறி முடிவதற்குள் கற்பூரம் பாதி போய்விடும். படலம் கெட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கற்பூரத்தின் தூய்மையைச் சோதிக்க, அதில் சிறிதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, புகைபோக்கியின் கீழ் மெல்லச் சூடாக்குங்கள். கறை எதுவும் மிஞ்சாவிட்டால் பயன்படுத்தலாம்.

1 மீட்டர் நீளம், 25 மி.மீ. உள்விட்டமுள்ள குவார்ட்ஸ் குழாய் போதும். அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டிலும் கழுவி உலர்த்திய குவார்ட்ஸ் தகட்டை உலையின் நடுவில் வையுங்கள். 300 மி.கி. கற்பூரமுள்ள படகு (படகு வடிவச் சிறு கிண்ணம்), வாயு நுழையும் பக்கத்தில், உலை வாயிலிருந்து 15 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். அந்தப் பகுதிக்கு வெப்ப நாடா சுற்றுங்கள். படகுக்கும் உலைக்கும் இடைப்பட்ட குழாய்க்குத் தனி நாடா வேண்டும்.

குழாயின் கொள்ளளவு சுமார் 490 மி.லி. வினைபுரியாத வாயுவான ஆர்கானை நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் 10 நிமிடம் விட்டால் குழாயிலுள்ள காற்றைப் பத்து முறை மாற்றியதாகும். பிறகு 100 மி.லி.க்குக் குறைத்து உலையை 900 டிகிரி செல்சியசுக்கு ஏற்றுங்கள். அதுவரை கற்பூரப் பக்கம் குளிர்ந்தே இருக்க வேண்டும்.

உலை நிலைபெற்றதும் இடைக்குழாயை முதலில் 110 டிகிரிக்கும், அதன்பின் படகை 80 டிகிரிக்கும் கொண்டுவாருங்கள். கற்பூரத்தின் ஆவியழுத்தம் 82 டிகிரியில் ஏறத்தாழ 10 மி.மீ. பாதரசம், 138 டிகிரியில் ஏறத்தாழ 100. ஆர்கான் கற்பூர ஆவியால் முழுதும் நிறைவுற்றால் 80 டிகிரியில் நிமிடத்துக்குச் சுமார் 8 மி.கி. போகும், 138-இல் பத்து மடங்குக்கும் மேல். அவசரப்பட்டு சூட்டைக் கூட்டினால் ஆவி நடுவழியிலேயே சிதைந்து கரித்தூளாக விழும். விரலில் ஒட்டும் கரி படலம் அல்ல.

20 நிமிடத்தில் நாடாவை அணைத்து, ஆர்கானை விடாமல் ஆறவிடுங்கள். 150 டிகிரிக்குக் கீழ் வந்தபிறகே திறக்கலாம். சூட்டோடு காற்று பட்டால் படலம் எரிந்துவிடும்.

பழுப்பு நிறம் தெரிந்தால் சிதைவு முழுமையாகவில்லை. தகடு இருந்த இடத்தின் உண்மையான சூட்டைத் தெர்மோகப்பிளால் (உயர்சூட்டை அளக்கும் உலோகக் கம்பி உணரி) அளந்து பாருங்கள். உரிந்து வந்தால் அழுக்கு அல்லது அளவுமீறிய தடிமன். ஒன்றுமே படியாவிட்டால் கசிவைத் தேடுங்கள். வெளிமுனையில் கற்பூரம் உறைந்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், இதுதான் ஆபத்தானது. அந்த முனையை அகலமாக வைத்து, வெளியேறும் வாயு குமிழியிட்டுச் செல்லும் எண்ணெய்க் குடுவைக்கு முன் ஒரு காலிக் குடுவை இணையுங்கள். ஆறும்போது எண்ணெய் பின்னோக்கி இழுக்கப்பட்டாலும் குழாய்க்குள் வராது.

கிராஃபீன்தான் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாள்) வேண்டுமென்றால் தாமிரத் தகடும் 1000 டிகிரியும் தேவை. தாமிரம் 1085-இல் உருகும் என்பதால் இடைவெளி குறைவு. அது கார்பனை அநேகமாகக் கரைக்காது, மேற்பரப்பு மூடியதும் வளர்ச்சி தளரும். கற்பூரமும் சில மி.கி. போதும். நிக்கலோ கார்பனைக் கரைத்து, ஆறும்போது வெளியே தள்ளும். அங்கே ஆறும் வேகத்தையும் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும்.

ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறுவதைக் கொண்டு பொருளை அறியும் சோதனை) 1350 செ.மீ.⁻¹-க்கு அருகில் குறைபாட்டு முகடும், 1580-இல் கிராஃபைட் முகடும் தெரியும். இரண்டாவதோடு ஒப்பிட முதலாவது உயரமாக இருந்தால் பொதுவாக ஒழுங்கின்மை அதிகம். 2700-இல் கூர்மையான முகடு இல்லாத படலத்தைக் கிராஃபீன் என்று எழுதிவைக்காதீர்கள்.

அடுத்த ஓட்டத்துக்கு முன் காலிக் குழாயை 800 டிகிரியில் காற்றோட்டத்தில் வைத்து ஒட்டிய கரியை எரித்துவிடுங்கள். கற்பூரமோ ஹைட்ரஜனோ உள்ளே மிச்சமில்லை என்று உறுதிசெய்த பிறகே காற்றைத் திறக்க வேண்டும்.