சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருக்கும் மதுரைக்காரர்களுக்கு: ஊர்ச் சொத்து உங்கள் வாரிசுகளிடம் சிக்கலில்லாமல் போய்ச் சேர

தங்க இடம், வங்கிக் கணக்கு, ஊருக்குப் பணம் அனுப்பும் வழி எல்லாம் ஓரளவு பிடிபட்ட பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். அதை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். மேலூரிலோ வாடிப்பட்டியிலோ உசிலம்பட்டிப் பக்கமோ உங்களுக்கு இருக்கும் வீடு, வயல், நகை, சேமிப்பு எல்லாம் நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் கைக்குப் போகும்? எத்தனை அலுவலகம் ஏறி இறங்கிய பிறகு போகும்? வயது முப்பதுகூட ஆகவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம்.

உயில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் உயில் இரண்டாவது வேலை. உங்களுடையது என்று நீங்கள் நம்பும் சொத்து காகிதத்தில் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நம் பக்கத்துக் கிராமங்களில் அய்யா காலமாகி இருபது வருஷம் ஆன பிறகும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும். அப்பாவும் சித்தப்பாவும் வாய்ப்பேச்சில் வரப்புப் போட்டு உழுதுகொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட நிலத்தை உங்கள் பிள்ளைக்கு உயில் எழுதி வைத்தாலும், எந்தப் பகுதி உங்களுடையது என்று காட்ட அவனிடம் ஒன்றும் இருக்காது.

பட்டாவிலிருந்து தொடங்குங்கள்

இதற்கு ஊருக்குப் போக வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் பட்டாவும் புலப்படமும் இங்கிருந்தே பார்க்கலாம். பதிவுத்துறை தளத்தில், அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றும் பார்க்கலாம். பட்டாவில் உள்ள பெயர், தந்தை பெயர், பரப்பு மூன்றையும் கையிலுள்ள பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பதிவின்போது பெயர் மாறியும் பரப்பு குறைந்தும் ஏறிய நிலங்கள் நிறைய. அந்தத் தவறு வட்டாட்சியரைத் தாண்டி மேலதிகாரிகள் வரை போய்த்தான் திருந்தும் என்பதால், இருப்பவர்கள் இருக்கும்போதே மனு கொடுப்பது நல்லது. கோயில் நிலம், இனாம் நிலம் (அந்தக் காலத்தில் மானியமாகக் கொடுத்தது) என்று பேச்சு இருக்கும் இடமாக இருந்தால் தாய்ப்பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். மதுரையைச் சுற்றி அந்தக் கேள்வி எழும் இடங்கள் பல உண்டு.

பட்டா இறந்துபோனவர் பெயரில் இருந்தால் வழி இதுதான்: இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, அதை வைத்து எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா. பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்தால் தனிப் பட்டா.

இங்கேதான் வீட்டில் பேச்சு தடிக்கும். “அத்தைக்கும் அக்காவுக்கும் சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு, அவங்களுக்கு என்ன பங்கு?” என்பார்கள். சீருக்கும் சொத்துரிமைக்கும் சட்டத்தில் சம்பந்தமே இல்லை. இந்துக் குடும்பங்களில் தந்தை உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்தில் மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் அதுவரை திருமணமாகாமல் இருந்த மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே பங்கு கொடுத்தது. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமானவர்களுக்கும் கொடுத்தது. அந்த உரிமைக்குத் தந்தை 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அக்கா மனதார விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் பதிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பங்கைக் கொடுங்கள். அவர் பெயரை மறைத்து வாரிசுச் சான்று வாங்குவது மட்டும் கூடவே கூடாது. அது குற்றம், அக்காவுக்குச் செய்யும் அநியாயமும்கூட.

அப்பா பெயரில், அண்ணன் பெயரில் வாங்குவது

வேலைக்காக வெளிநாடு வந்த நாளிலிருந்தே அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் வாங்க முடியாது. ஏற்கெனவே உங்கள் பெயரில் இருக்கும் வயலை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வருவதையும் பெறலாம். விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம்.

அதனால் என்ன நடக்கிறது? வயல் விலைக்கு வருகிறது என்று ஊரிலிருந்து போன் வரும். நீங்கள் பணம் அனுப்புவீர்கள், அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ பத்திரம் ஆகும். எல்லோரும் நல்லவர்களாக இருக்கும் வரை ஒரு குறையும் தெரியாது. ஆனால் அப்பா பெயரில் பதிந்த நிலம் அப்பாவுடைய நிலம். அவர் உயில் எழுதாமல் இறந்தால் அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள் என்று எல்லோருக்கும் சமமாகப் பிரியும். அண்ணன் பெயரில் இருந்தால் அண்ணனுக்குப் பிறகு அண்ணிக்கும் அவர் பிள்ளைகளுக்கும், உங்கள் அம்மாவுக்கும் போகும். உங்கள் மனைவி மக்கள் அந்த வரிசையில் இல்லை. “என் பணத்தில் வாங்கியது” என்று நீதிமன்றம் போனால், 1988-ஆம் ஆண்டு பினாமி தடைச் சட்டம் குறுக்கே நிற்கும். மனைவி, பிள்ளைகள் பெயரில் தெரிந்த வருமானத்தில் வாங்குவதற்கு அதில் விலக்கு உண்டு. பெற்றோர், உடன்பிறந்தார் விஷயத்தில் உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருந்தால்தான் அந்த விலக்கு.

நான் சொல்வது இதுதான். முடிந்தவரை வீடோ மனையோ உங்கள் பெயரில் வாங்குங்கள், பணம் வங்கி வழியாகவே போகட்டும். அப்பாவுக்கு வயல் ஆசை என்றால் அந்தப் பணம் மகன் அப்பாவுக்குக் கொடுத்தது என்று மனதார விட்டுவிடுங்கள். அப்பாவே தன் விருப்பப்படி உங்களுக்கு உயில் எழுதினால் அந்த வயல் வாரிசாக உங்களுக்கு வரலாம், அதற்குத் தடை இல்லை. இதை அப்பாவிடம் பேசுவது கஷ்டம்தான். பேசாமல் விட்டு, காரியம் முடிந்த பதினாறாம் நாள் பேச்சை ஆரம்பிப்பது அதைவிடக் கஷ்டம்.

உயில் இல்லாவிட்டால்

திருமணமான இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. மனைவியும் இரண்டு குழந்தைகளும் அம்மாவும் இருந்தால் நான்கு பங்கு. இந்த வரிசையில் தந்தைக்கு இடமில்லை. குழந்தைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாய்கூட விற்க முடியாது. வீட்டுக் கடனை அடைக்க மனையை விற்க நினைக்கும் மனைவி, அதற்காக வழக்கறிஞர் வைத்து மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். மனைவி பெயருக்கு ஓர் உயில் இருந்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

இங்கே வேலை பார்க்கும் பெண்கள் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். செவிலியராகவோ மென்பொருள் துறையிலோ நீங்கள் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் இல்லாவிட்டால் முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. பெற்ற தாய் தந்தை அதற்குப் பிறகுதான் வருவார்கள். படிக்க வைத்த அம்மாவுக்கு ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தால் உயில் ஒன்றுதான் வழி.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பங்கு முறை வேறு. முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

உயில் எழுதும் முறை

வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சொத்துப் பெறுகிறவர் சாட்சியாக நிற்க வேண்டாம். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதையே நான் சொல்வேன்; காகிதம் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். மதுரைச் சொத்துக்கு நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற சான்று, வாங்குவது கட்டாயமில்லை. தகராறு என்று வந்தால் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் சிங்கப்பூர் அறைத் தோழர்களைச் சாட்சியாகப் போடாதீர்கள். நாலு வருஷத்தில் அவர்கள் எந்த நாட்டில் இருப்பார்களோ. லீவில் ஊருக்குப் போகும்போது, உங்களைவிட வயதில் இளைய, ஊரிலேயே இருக்கிற இருவரைப் பிடியுங்கள். வீடு வாங்கினால், குழந்தை பிறந்தால் உயிலை மாற்றி எழுதுங்கள். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

உயிருடன் இருக்கும்போதே கொடுக்கும் தான செட்டில்மெண்ட், குடும்பத்துக்குள் என்றால் செலவு குறைவு. 2023 திருத்தத்தின்படி முத்திரைத் தீர்வைக்கு ரூ.40,000 உச்சவரம்பு. ஆனால் பத்திரம் பதிந்ததும் சொத்து கைமாறிவிடும். பெற்றோரை இதற்கு அவசரப்படுத்த வேண்டாம். அவர்களாகவே கொடுத்தால், கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். மகனோ மகளோ தவறினால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் அதை ரத்து செய்ய முடியும்.

பவர் கொடுப்பது

ஊர் வேலைகளுக்குத் தம்பிக்கு பவர் கொடுப்பதானால் இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பட்டா மாறுதலுக்கு, வாடகை வாங்க, வரி கட்ட என்று குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் கொடுங்கள். விற்கும் அதிகாரம் சேர்த்த பொது பவர் வேண்டாம். நீங்கள் இறந்த நிமிடமே பவர் செத்துவிடும். வாரிசு ஏற்பாட்டுக்கு அது உதவாது.

பணம், நகை, கடன்

ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிடுங்கள். எல்லாக் கணக்கிலும் லாக்கரிலும் நாமினி போடுங்கள். வங்கி நாமினி, பணத்தை வாங்கி உரிய வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். நாமினி ஆனதாலேயே அது அவருடையது ஆகிவிடாது. ஆகவே திருமணத்துக்கு முன் அம்மா பெயர் போட்டிருந்தால் இப்போது பார்த்து, உயிலோடு ஒத்துப்போகும்படி வையுங்கள். எந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் எந்த நகை அடகில் இருக்கிறது, கைமாற்று யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் தர வேண்டும் என்று எழுதி மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுங்கள். இந்தியாவில் 1985-க்குப் பிறகு வாரிசுச் சொத்துக்கு வரி கிடையாது. வரி வரும் என்று பயமுறுத்தி யாராவது கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

சிங்கப்பூர்ப் பக்கம் வேலை குறைவு. நிரந்தரவாசியானால் மத்திய சேமநிதிக்கு (சி.பி.எஃப்.) தனியாக நியமனம் செய்ய வேண்டும், உயிலில் எழுதினால் செல்லாது. திருமணம் ஆனால் பழைய நியமனமும் ரத்தாகிவிடும். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குச் சேமநிதி இல்லை, ஆனால் வேலையிட விபத்து இழப்பீடு உண்டு. முதலாளியிடம் குடும்பத்தார் பெயரும் ஊர் முகவரியும் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள்.

லீவு போடும்போது ஒரு விஷயம். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பதைக் கணக்கில் வையுங்கள். நில அளவைக்கான மனுவை லீவுக்கு முன்பே கொடுத்து வையுங்கள். அளக்கும் நாளில் பக்கத்து வயல்காரரும் வரப்பில் நிற்க வேண்டும். அவருக்கு இப்போதே தகவல் சொல்லச் சொல்லுங்கள்.