துடிக்கிறதே என்று வார்த்துவிடாதீர்கள்

இதயத் திசு வளர்க்க வரும் புது மாணவர்கள், நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் வரிசையாக விழுகிறார்கள். கையுறை, கிருமி, மூடி பற்றி எல்லாரும் சொல்லித் தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

துடிப்பைப் பார்த்து மயங்குவது

ஐபிஎஸ் செல், அதாவது எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை இதயத் தசையாக மாற்ற, செல்லின் வளர்ச்சியை வழிநடத்தும் வின்ட் சமிக்ஞையை முதலில் தூண்டுகிறோம், இரண்டு மூன்று நாளில் அதையே அடக்குகிறோம். எல்லாம் சரியாகப் போனால் 7 முதல் 12 நாளுக்குள் தட்டு துடிக்கும். உடனே போனில் வீடியோ எடுப்பார்கள். எடுக்கட்டும். அந்த வீடியோவை நம்பி, செல்களை ஜெல்லில் கலந்து இரு சிலிக்கோன் தூண்களுக்கு நடுவே ஊற்றித் திசுவை வார்ப்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தட்டில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. துடிக்கும் செல் துடிக்காததையும் சேர்த்து இழுக்கும். பாதிதான் இதயத் தசை என்றாலும், மைக்ரோஸ்கோப்பில் முழுத் தட்டும் துடிப்பதுபோலவே தெரியும். அதற்கு மேல், பத்துக்கு ஒன்று ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசுவின் துணைச் செல்) என்று எண்ணி வேறு சேர்ப்பார்கள். உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இது என்ன கணக்கு? இதயத் தசைச் செல் அதிகம் பெருகாது, மற்றவை பெருகும். திசு முதலில் அழகாக இறுகி, இரு சிலிக்கோன் தூண்களையும் வளைக்கும். அப்புறம் வளைத்தபடியே நிற்கும். துடிப்பு மட்டும் ஓய்ந்துகொண்டே போகும்.

ஒரு மாணவர் இப்படிப்பட்ட திசுவை மருந்துச் சோதனைவரை கொண்டுபோய், மருந்தால் விசை குறைந்தது என்று வரைபடம் காட்டினார். மருந்தே போடாத திசுவிலும் அதே சரிவு! மாதக்கணக்கில் செல்லுக்கு ஊட்டமாக ஊற்றிய மீடியம் அத்தனையும் வீண்.

வார்ப்பதற்கு முன் கொஞ்சம் செல்லை எடுத்து, இதயத் தசையின் அடையாளப் புரதமான ட்ரோபோனினுக்குச் சாயமேற்றி, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பாருங்கள். தசை குறைவென்றால், குளுக்கோஸ் நீக்கி லாக்டேட் சேர்த்த மீடியத்தில் சில நாள் வையுங்கள். இதயத் தசை லாக்டேட்டை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். மற்றவை பெரும்பாலும் சாகும். பிறகு சாதாரண மீடியத்தில் தேறவிட்டு, ஃபைப்ரோபிளாஸ்ட்டை அளந்து சேருங்கள்.

தசை மட்டும் போதும் என்பது

போதாது. துணைச் செல் இல்லாத ஜெல் சரியாக இறுகாது.

த்ராம்பின் விட்டபின் பேச்சுக் கொடுப்பது

ஜெல்லை உறையவைக்கும் நொதியே த்ராம்பின்தான். பேசி முடிப்பதற்குள் ஜெல் பைபெட்டுக்குள்ளேயே உறைந்துவிடும்.

அப்ரோடினினை மறப்பது

ஜெல்லின் புரத வலையான ஃபைப்ரினைச் செல்களே கரைத்துவிடும், அதைத் தடுப்பது அப்ரோடினின்தான். காலையில் வந்து பார்த்தால் திசு தூணிலிருந்து கழன்று அடியில் கிடக்கும்.

அறை வெப்பத்தில் அளப்பது

இன்குபேட்டரின் 37 டிகிரியிலிருந்து வெளியே எடுத்ததுமே துடிப்பு தளர ஆரம்பிக்கும். மருந்து போட்ட தட்டை கடைசியில் அளந்தால், குளிர் செய்த வேலை மருந்தின் கணக்கில் ஏறிவிடும். மைக்ரோஸ்கோப்பில் சூடேற்றும் மேடை இல்லையென்றால் அந்த எண்ணை நோட்டில் எழுதவே வேண்டாம்.